கோவெண்டர்: நேட்டால் தமிழரின் ஒரு குடும்பப் பெயர்



இந்த ஆண்டுப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு பெயர்: கோவெண்டர். தமிழ்நாட்டின் எந்த வாக்காளர் பட்டியலிலும் இந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. தென்னாப்பிரிக்காவில், குறிப்பாக டர்பன் நகரத்தில், தெருவுக்குத் தெரு கோவெண்டர்கள் இருக்கிறார்கள். கேட்டோ மேனர் பகுதியின் வாழ்க்கையைக் கதைகளாகவும் நாடகங்களாகவும் எழுதிய ரோனி கோவெண்டர் இந்தப் பெயருக்குரியவர். 1994இல் அமைந்த முதல் மக்களாட்சி நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து பெண்ணுரிமைக்காகப் பேசிய பிரெக்ஸ் கோவெண்டரும் அப்படியே. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பேருந்து ஓட்டுநர்கள், மளிகைக் கடைக்காரர்கள் என்று அந்தப் பெயர் எல்லாத் தொழிலிலும் பரவியிருக்கிறது.

அது நம்முடைய கவுண்டர் என்ற பட்டத்தின் திரிபு. இதைச் சொன்னவுடன் இந்த அவையில் பலருக்கும் ஒரு கேள்வி எழும்: எந்தக் கவுண்டர்? அந்தக் கேள்விக்கு ஏன் அங்கே விடை கிடையாது, விடை இல்லாமல் போனது ஏன் ஒரு நல்ல செய்தி என்பதைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டர்பன் நகரம் இருக்கும் நேட்டாலை ஆங்கிலேயர் 1843இல் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் கடற்கரை நிலத்தில் கரும்பு நன்றாக விளையும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் வெட்டுவதற்கு ஆள் இல்லை. ஜூலு மக்களுக்கு நிலமும் மாடும் இருந்தன. மாதக்கணக்கில் தோட்டத்தில் கட்டுண்டு கிடக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. தோட்ட முதலாளிகள் மொரீஷியஸைப் பார்த்தார்கள். அங்கே இந்தியக் கூலிகளைக் கொண்டு கரும்பு கொழித்துக்கொண்டிருந்தது. 1859ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் நேட்டாலுக்கும் அந்த வழியைத் திறந்தது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தார்கள். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து ‘பெல்வெடியர்’ வந்தது. 1911 வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள், அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

முதல் ஆண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். ரேஷன் அரிசி, தங்க ஒரு லயம். இந்த வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் நிற்க விரும்புவது கப்பலோடு கூடவே வந்த ஒரு பேரேட்டின் முன்னால்.

ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. வரலாற்றாய்வாளர் சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட நூல் முழுவதும் அவற்றின் மேல்தான் கட்டப்பட்டது. ஓர் ஆளுக்கு ஒரு வரி. முதல் கட்டத்தில் காலனி எண். அடுத்து பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். நெற்றியில் தழும்பு, இடது தோளில் மச்சம் என்று எழுதியிருப்பார்கள். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது அது. தொடக்ககாலப் பட்டியல்களில் சாதிக் கட்டத்தில் ‘மலபார்’ என்றும் ‘ஜென்டூ’ என்றும் கூட எழுதியிருக்கிறார்கள். தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜென்டூ என்றும் அழைப்பது அன்றைய ஐரோப்பியர் வழக்கம். மொழிக்கும் சாதிக்கும் வேறுபாடு தெரியாத, அல்லது அதைத் தெரிந்துகொள்ள நேரமில்லாத எழுத்தர்கள் அதை எழுதினார்கள்.

இந்தக் கட்டங்களில் ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஏறியவர்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. முனுசாமி என்றால் முனுசாமிதான். யார் முனுசாமி என்று கேட்டால் இன்னார் மகன், இந்த ஊர் என்று சொல்வான். நம்மில் பலர் இன்றும் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு அதே முறையில்தான் வாழ்கிறோம். தந்தையின் பெயர் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். பேரனிடம் தாத்தாவின் எழுத்து இருக்காது.

நேட்டாலின் ஆங்கிலேய நிர்வாகத்துக்கு இது பிடிபடவில்லை. திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு, வண்டியில் காய்கறி விற்க உரிமம், நிலக் குத்தகை, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர் வேண்டும்: உனக்கென்று ஒன்று, குடும்பத்துக்கென்று ஒன்று. ஒப்பந்தம் முடிந்து சுதந்திர ஆளான முனுசாமியிடம் எழுத்தர் குடும்பப் பெயர் கேட்கும்போது அவன் கையில் மூன்று விடைகள் இருந்தன. தன் பெயரையே சொல்லலாம். தந்தை பெயரைச் சொல்லலாம். சாதிப் பட்டத்தைச் சொல்லலாம். எது வாயில் வந்ததோ அது பதிவானது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயரோடு வளர்ந்த வீடுகள் அங்கே பல உண்டு. மூத்தவனுக்குத் தாத்தா பெயர், இளையவனுக்கு அப்பா பெயர், கடைசிப் பையனுக்குப் பட்டம். இன்றும் தென்னாப்பிரிக்காவில் முனுசாமி, வீராசாமி, பெருமாள், கோவிந்தன் எல்லாம் குடும்பப் பெயர்களாக இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையில் வென்றவை பட்டங்கள்தான்: பிள்ளை, நாயுடு, கோவெண்டர், மூட்லி, நாயக்கர், செட்டி, ரெட்டி, படையாச்சி.

மூட்லி என்பது முதலி. கவுண்டர் என்பதை ஆங்கிலக் காது கேட்டபடி எழுதியபோது உகரமும் வகரமும் கலந்து நடுவில் ஒரு ‘வெ’ புகுந்துகொண்டது. ‘கவுண்டன்’ என்றே சொன்னவர்களின் வாரிசுகள் கவுண்டன் என்ற குடும்பப் பெயரோடும் அங்கே இருக்கிறார்கள். ஒரே பட்டம், ஒன்று ‘ன்’ விகுதியோடு, ஒன்று ‘ர்’ விகுதியோடு, இரண்டு வம்சங்களாகப் பிரிந்து நிற்கிறது. தன்னைத்தானே ‘அன்’ என்று சொல்லிக்கொண்டவர் யார், ‘அர்’ என்று மரியாதையோடு சொன்னவர் யார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

பட்டங்கள் ஏன் வென்றன? பிரெஞ்சுக் காலனிகளோடு ஒப்பிட்டால் இந்தக் கேள்வி கூர்மையாகும். ரீயூனியனிலும் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் குடும்பப் பெயரானவை பெரும்பாலும் தனி மனிதரின் பெயர்கள்: ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், சிதம்பரம். குவாதலூப்பில் இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904 முதல் 1923 வரை போராடிய ஹென்றி சிதம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வந்த ஒருவரின் பெயர் அப்படியே உறைந்து வம்சத்தின் பெயராகிவிட்டது. அதே தமிழகத்திலிருந்து, அதே காலத்தில், அதே வகை மக்கள்தான் நேட்டாலுக்கும் போனார்கள். அங்கே மட்டும் பட்டம் ஏன்?

இதற்கு என் விடையை ஓர் இழிசொல்லிலிருந்து தொடங்குகிறேன். நேட்டால் வெள்ளையர்கள் இந்திய ஆண்கள் எல்லோரையும் ‘சாமி’ என்று அழைத்தார்கள். ராமசாமி, முனுசாமி, வீராசாமி என்று கேட்டுக் கேட்டு, வாலை மட்டும் வெட்டி எடுத்து, கூலி என்பதற்கு இன்னொரு சொல்லாக்கிவிட்டார்கள். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சாமி என்றால் தலைவன், எசமான் என்று பொருள் என்பதை அங்கே எடுத்துச் சொல்கிறார். தெய்வத்தின் பெயரைச் சுமந்த ஒரு விகுதி வசவாக மாறிய ஊரில், ஒருவன் தன் மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘முனுசாமி’ என்று குடும்பப் பெயர் கொடுக்கத் தயங்கியிருக்க மாட்டானா? கோவெண்டர் என்று எழுதினால் எந்த வெள்ளையனும் அதை வெட்டி வசவாக்க முடியாது. பட்டம் அங்கே சாதியைக் காட்டுவதற்காகப் பயன்படவில்லை. நானும் ஒரு வீட்டைச் சேர்ந்தவன், என் வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று சொல்வதற்காகப் பயன்பட்டது. அதனால்தான் பட்டத்துக்கு உரிமை இல்லாதவர்கள் என்று ஊரில் ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் அங்கே பட்டங்களை எடுத்துக்கொண்டார்கள். ஊரில் அதைத் தடுக்க மணியக்காரரும் பண்ணையாரும் இருந்தார்கள். கடல் கடந்த பிறகு கேட்பார் இல்லை.

இதைப் ‘பொய்ப் பட்டம்’ என்று சொல்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பிறப்பால் வந்த இழிவைக் கப்பல் தளத்தில் உதறிவிட்டு, கரையில் தனக்கென்று ஒரு பெயரை எடுத்துக்கொண்ட மனிதனைவிட நேர்மையானவன் யார்? அவன் யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. தன் பேரனுக்குத் தலை நிமிர்ந்து நடக்க ஒரு பெயர் கொடுத்தான்.

இங்கே ஒரு நிகழ்ச்சியை அருகில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பட்டங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இன்று நம் மாணவர்களின் வருகைப் பதிவேட்டில் பிள்ளை, முதலியார், கவுண்டர் என்று காண்பது குறைவு. நேட்டால் கப்பல்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் செங்கல்பட்டும் ஒன்று. அந்த மண்ணில் இருந்தவர்கள் தன்மானத்துக்காகப் பட்டத்தை எறிந்தார்கள். அதே மண்ணிலிருந்து போனவர்கள் தன்மானத்துக்காகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். இங்கே பட்டம் போனது. சாதி திருமண அழைப்பிதழ்களுக்குள் உயிரோடு இருக்கிறது. அங்கே பட்டம் இருக்கிறது. அதற்குள் இருந்த சாதி பெரும்பாலும் கரைந்துவிட்டது.

கரைந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலில் ஒரே அண்டாவில் சமைத்ததைச் சாப்பிட்டார்கள். லயத்தில் அடுத்த அறையில் யார் என்பதைத் தோட்டத் துரை தீர்மானித்தார். ஆண்களைவிடப் பெண்கள் மிகக் குறைவு. சாதி பார்த்துப் பெண் தேடினால் திருமணமே நடக்காது. சாதியைக் காவல் காக்கும் கோயிலும் குளமும் சேரியும் அக்ரகாரமும் அங்கே இல்லை. அவர்களே தகரமும் செங்கல்லும் சேர்த்துக் கட்டிய மாரியம்மன் கோயில்களில் எல்லோருக்கும் ஒரே வாசல். மானிடவியலாளர் ஹில்டா கூப்பர் நேட்டால் இந்தியரைப் பற்றி 1960இல் வெளியிட்ட நூலில் சாதியைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அன்றைக்கே சாதி தொழிலையும் குடியிருப்பையும் விட்டு விலகியிருந்தது. தமிழர், தெலுங்கர், இந்தி பேசுவோர் என்ற மொழி வேலிதான் திருமணத்தில் நெடுநாள் நின்றது. அந்த வேலியும் இன்று பல இடங்களில் சாய்ந்துவிட்டது. நாயுடு என்ற பெயரை அங்கே தெலுங்கரும் வைத்திருக்கிறார்கள், தமிழரும் வைத்திருக்கிறார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். எந்தக் கவுண்டர்? கவுண்டர் என்ற சொல்லே ஒரு சாதிக்கு உரியதாக என்றும் இருந்ததில்லை. கன்னடக் கல்வெட்டுகளில் ‘காவுண்ட’ என்பவர் ஊர்த் தலைவர். கொங்குக் கல்வெட்டுகளில் ‘காமிண்டன்’ என்று வரும். இன்றைய கர்நாடகத்தின் கௌடாவும் அதே வேரில் கிளைத்தது. ஒரு பதவியின் பெயர், அதை வகித்தவர்களின் வழியில் பட்டமானது. கொங்கு நாட்டில் வேளாளர் அதை வைத்துக்கொண்டார்கள். வடஆர்க்காட்டிலும் தென்னார்க்காட்டிலும் வன்னியர் வைத்துக்கொண்டார்கள். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் மலையாளிப் பழங்குடியினர் வைத்துக்கொண்டார்கள். நேட்டாலுக்குப் போன தமிழரில் பெரும் பங்கு வடமாவட்டத்தார் என்பதால், தொடக்கத்தில் அந்தப் பட்டத்தைக் கொண்டு போனவர்களில் பலர் அந்தப் பக்கத்து உழவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு. அதற்கு மேல் ஒரு பெயரை வைத்து யாரும் எதையும் சொல்லக் கூடாது. டர்பனிலிருந்து முன்னோர் ஊரைத் தேடி வருகிற ஒரு கோவெண்டரிடம், ஊரில் உள்ள பெரியவர்கள் ‘நீங்க நம்மவங்கதான்’ என்று தங்கள் சாதிக்குள் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனாலும் நான்கைந்து தலைமுறை உழைப்பால் அவர்கள் பெற்ற விடுதலையை ஒரு மாலை நேர உபசரிப்பில் திரும்பப் பிடுங்குவதாகவே அது எனக்குப் படுகிறது.

பெயர் ஓரிடத்தில் நிலைக்க, அங்கே தங்கவும் குடும்பம் நடத்தவும் சட்டம் இடம் தர வேண்டும்; முதலில் அது இடையூறாகவே வந்தது. 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் எழுதாமலும் இருப்பவர் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்றானது. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். முதல் ஆண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். 1913 மார்ச்சில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத இந்தியத் திருமணங்கள் செல்லாது என்று ஆக்கியது. தாலி கட்டிய மனைவி மனைவி இல்லை. பிள்ளைகளுக்குத் தந்தையின் பெயரிலும் சொத்திலும் உரிமை கேள்விக்குள்ளானது. பெண்கள் காந்தியடிகளின் சத்தியாக்கிரகப் போராட்டத்துக்கு வந்ததற்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். அந்த ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1914இல் தலைவரி நீக்கப்பட்டது, திருமணங்களும் ஏற்கப்பட்டன. குடும்பப் பெயர் என்பது அந்த மக்களுக்குச் சிறை சென்று பெற்ற உரிமை.

அந்தச் சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22ஆம் நாள் பதினாறு வயதில் இறந்த பெண்ணை நாம் தில்லையாடி வள்ளியம்மை என்று அழைக்கிறோம். அவள் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில்; தில்லையாடியைப் பார்த்ததே இல்லை. அங்கே அவள் பெயர் தந்தையின் பெயரோடு சேர்ந்து வள்ளியம்மா முனுசாமி முதலியார். நாம் ஊரை முன்னால் வைத்தோம், அவர்கள் தந்தையைப் பின்னால் வைத்தார்கள்.

வள்ளியம்மை வரலாற்றில் நிற்கிறாள். மற்றப் பெண்கள்? கோவெண்டர் என்ற பெயர் தந்தை வழியில் மட்டும் இறங்குகிறது. அந்தக் குடும்பங்களின் முதல் தாய்மார்கள், பலர் தனியாகக் கப்பல் ஏறியவர்கள், கணவனை இழந்தவர்கள், வீட்டைவிட்டு வந்தவர்கள், தங்கள் பெயரைக் கொள்ளுப்பேரனுக்குக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பேரேடு அவர்களை மறக்கவில்லை. ஆணுக்கு எப்படியோ அப்படியே பெண்ணுக்கும் தனி எண், தனி வரி, தந்தை பெயர், கிராமம், மச்சம். கண்காணிப்பதற்காக எழுதிய அந்த வரிதான் இன்று அந்தப் பெண் தன் பெயரோடு முழுமையாக இருக்கிற இடம். தங்கள் குடும்பத்தைத் தேடுகிறவர்களிடம் நான் சொல்வது: கோவெண்டரைத் தேடுவதற்கு முன்னால் அவரை மணந்த பெண்ணின் எண்ணைத் தேடுங்கள். பலர் அந்தத் திசையில் தேடுவதே இல்லை.

1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிந்தது. அதன் பிறகு குடும்பப் பெயரைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொள்ளும் பழைய நெகிழ்வு முடிந்தது. அதே ஆண்டின், குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரில் தோட்டம் போட்டு, வீடு கட்டி, கோயில் எழுப்பி வாழ்ந்த குடும்பங்கள் பெயர்க்கப்பட்டு, பல ஆயிரம் பேர் சாட்ஸ்வொர்த் என்ற இந்தியர் குடியிருப்பில் குடியமர்த்தப்பட்டார்கள். நிலம் போனது. கப்பலில் வந்தவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தவற்றில் பறிக்க முடியாமல் மிஞ்சியது அந்தப் பெயர். ரோனி கோவெண்டரின் எழுத்தில் அந்த இழப்பைப் படிக்கலாம். தமிழில் அவரை யாராவது முழுமையாக மொழிபெயர்க்க வேண்டும்.

இப்போது அந்த வாரிசுகள் வருகிறார்கள். சிலர் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்குச் சான்று வேண்டிக் கப்பல் பட்டியலின் நகலை எடுக்கிறார்கள். பலர் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் தேடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். பட்டியலில் ஜில்லா வடஆர்க்காடு என்று இருக்கும். அன்றைய வடஆர்க்காட்டில் சித்தூரும் அடக்கம். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. ஆகவே தேடும் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். எஞ்சிய வடஆர்க்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன. தென்னார்க்காடு 1993இல் கடலூரும் விழுப்புரமும் ஆனது. கிராமத்தின் பெயரோ, ஓர் உழவர் சொல்ல, ஓர் எழுத்தர் கேட்டு, ஆங்கில எழுத்தில் கிறுக்கியது. ஒரே பாக்கம் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும். புதுப்பாளையம் என்றால் எத்தனை புதுப்பாளையம்!

இதற்குத் தீர்வு நம் கையில் இருக்கிறது, டர்பன்காரர்கள் கையில் இல்லை. உள்ளூர்த் தமிழ் ஒலிப்பும் பழைய வட்ட எல்லையும் தெரிந்தவர்களால் மட்டுமே அந்தப் பெயர்களைப் படிக்க முடியும். இந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து, கப்பல் பட்டியல்களின் ஊர்ப் பெயர்களை இன்றைய வருவாய்க் கிராமங்களோடு பொருத்தும் ஓர் அகராதியைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய மாவட்ட நில ஆவணங்களும் கிராமப் பட்டியல்களும் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். ஆரணி, போளூர், வந்தவாசி, குடியாத்தம் வட்டங்களிலிருந்து இங்கே படிக்க வரும் மாணவர்கள் தங்கள் ஊரைச் சுற்றியுள்ள பத்துக் கிராமங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். எழுதும்போது அரசுப் பதிவில் உள்ள பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய வட்டத்தின் பெயரையும், வயதானவர்கள் வாயில் அந்த ஊர் எப்படி ஒலிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாதிக் கட்டத்தை மட்டும் அந்த அகராதியில் சேர்க்க வேண்டாம்.